பவித்ரன் விட்டுப்போன எண்

செமோரைத் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட அந்தப் பழைய தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்றால் இன்றைக்கும் எல்லாருக்கும் தெரியும். பால்வெட்டுக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம் அது. தொட்டில் கட்டிய உத்தரத்தில் இப்போது மின்விசிறி சுழல்கிறது. கீழே, சுவரோரமாகப் பத்துக் கணினிகள். பள்ளிக்கூடம் விட்டதும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் புத்தகப்பையோடு அங்கேதான் ஓடி வருவார்கள்.

அந்தப் பத்துக்கும் காவல்காரி கலாதேவி. ஐம்பதை நெருங்கும் வயது. ஈப்போவில் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்குள் கண்ணை நட்டு நட்டே இளமையைத் தொலைத்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது இவள் வீட்டுக்கு வந்தாள். கணவன் மகேந்திரன் அதற்கும் முன்பே தாப்பாவில் இன்னொரு குடும்பத்துக்குத் தலைவனாகிவிட்டான். பெற்ற ஒரே பிள்ளையை நெஞ்சில் போட்டு வளர்த்தாள். அந்த ஒரே பிள்ளை, பவித்ரன், இன்று கொட்டகைச் சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குகிறான்.

லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் அவனுக்கு வேலை. வெள்ளிக்கிழமை மோட்டாரைக் கிளப்பினான் என்றால், அம்மாவின் மீன் குழம்பு கொதிக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்பான். ஒரு வெள்ளிக்கிழமை குழம்பு கொதித்து, சுண்டி, அடிப்பிடித்தது. மோட்டார் வரவில்லை. மழை பெய்த சாலையின் திருப்பத்தில் வந்த லாரிக்கு, ஒரு தாய் அடுப்படியில் காத்திருப்பது எப்படித் தெரியும்?

கணினி அறை அவன் கண்ட கனவு. கோலாலம்பூரில் இருக்கும் ஓர் அறவாரியத்தின் கதவைத் தட்டித் தட்டி, பழைய கணினிகள் ஒன்பதையும் இணைய லைனையும் கேட்டு வாங்கியிருந்தான். அவை லாரியில் வந்து இறங்கியபோது, அவனுடைய கருமாதிக்குக் கட்டிய பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு கலாதேவிதான் கையெழுத்துப் போட்டாள். பத்தாவதாக, மகன் வீட்டில் வைத்திருந்த கறுப்புக் கணினியையும் தூக்கிக்கொண்டு வந்து மூலையில் வைத்தாள்.

ஈப்போவில் கணினிக் கடை வைத்திருக்கும் சுரேன், பவித்ரனின் உயிர்த்தோழன். அவன்தான் எல்லாவற்றையும் ஓட வைத்துக் கொடுத்தான்.

"அவன் மிஷின்ல எல்லாத்தையும் பக்காவா போட்டு வெச்சிருக்கான் ஆண்டி. அதையே காப்பி எடுத்து ஒன்பதுலயும் இறக்கிடுறேன்," என்றான். "அவனோட சொந்தச் சாமான் எல்லாம் தனி டிஸ்க்ல இருக்கு. அதை நான் தொடல."

அந்தத் தனி டிஸ்க்கில் இருந்தது பவித்ரனின் பெட்டி.

பெட்டி என்றால் இரும்புப் பெட்டி இல்லை. அவனே எழுதிய ஒரு சின்ன நிரல். உயிரோடு இருந்தபோது ஒரு நாள் அம்மாவுக்குத் திறந்து காட்டியிருக்கிறான்.

"இது இந்த மிஷின்ல மட்டும்தாம்மா திறக்கும். வேற எவனாச்சும் தூக்கிட்டுப் போனா வெறும் இரைச்சல்தான்."

"பாஸ்வேர்ட் கேக்காதாடா?"

"எதுக்கு? பெட்டிக்கே தன் வீடு எதுன்னு தெரியும்லா."

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கொட்டகைப் பிள்ளைகளுக்காக அவன் பேசிப் பதிவு செய்து பார்த்த பாடங்கள். பாதியில் தடுமாறி நின்றவை, தும்மியவை, சிரித்துக் கெடுத்தவை. அவற்றில் ஒன்றில், "வணக்கம் தம்பி தங்கச்சிங்களா, இன்னிக்கு நாம" என்று அவன் தொடங்கும்போதே அடுப்படியிலிருந்து கலாதேவியின் குரல் குறுக்கே விழும். "டேய், சோறு ஆறுது!" உடனே அவன் சொல்வான்: "வாரேன்மா."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே கொட்டகையைத் திறந்து, மூலைக் கணினியை எழுப்பி, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்காருவாள். கைப்பேசியில் இருந்த அவன் குரலெல்லாம் பழைய கைப்பேசி செத்தபோதே போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

ஒரு நாள் காதொலிப்பான் சரியாகப் பொருந்தாமல் சத்தம் வெளியே கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டுச் சரளா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அன்று மாலையே தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு: "கொட்டாயில கலாக்கா பேய் வளக்குதுடி!" அதிலிருந்து பெட்டியைப் பற்றி யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. சுரேனிடம்கூட.

சுரேன் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தான். பிள்ளைகள் கை சும்மா இருக்குமா? ஒருவன் படத்தை மாற்றுவான், ஒருத்தி எதையாவது அழித்துவிட்டு முழிப்பாள். அதற்காகப் பத்துக் கணினியின் டிஸ்க்குக்கும் பூட்டுப் போட்டான். பகலில் என்ன கூத்து நடந்தாலும் டிஸ்க்கில் பதியாது. நினைவில் மட்டும் நிற்கும். அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் பழையபடி.

இது கலாதேவிக்கு வேதவாக்காகிவிட்டது. "ஆண்டி, ரோசாக் ஆயிடுச்சு!" என்று எந்தப் பிள்ளை கத்தினாலும், "பதறாதே, கெட்டுப்போனா என்ன? அணைச்சுட்டுப் போடு, பழசு திரும்பி வந்துடும்" என்பாள். சொல்லும்போது அவள் கண் தன்னையறியாமல் சுவரில் இருக்கும் படத்துக்குப் போகும். பாவம், பெற்ற வயிறு எதைத்தான் நம்பாது!

இரண்டு ஆண்டு இப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. அறவாரியத்தில் கணினி அறைகளைக் கவனிக்கும் ஹஃபீஸா.

"கலாக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட பத்துக் கம்ப்யூட்டர் இருக்குன்னு எழுதியிருக்கு. எங்க சிஸ்டத்துல ஒன்னுதான் தெரியுது."

"என்னம்மா சொல்றே? பத்தும் பளிச்சுன்னு ஓடுது. இப்போகூடப் பிள்ளைங்க உக்காந்திருக்காங்க, சத்தம் கேக்கலையா?"

"கேக்குதுக்கா. ஆனா மேலிடத்துக்குச் சத்தத்தையா அனுப்ப முடியும்? மீதிய வித்துட்டாங்களான்னு கேக்குறாங்க. இந்த மாசத்துக்குள்ள பத்தும் தெரியலன்னா லைனை வெட்டிட்டு ஒன்பதையும் திரும்ப எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

கலாதேவிக்குத் தலையில் இடி விழுந்தது போல் இருந்தது. மகன் வேர்த்து வேர்த்துக் கட்டிய கனவு. அவன் போன பிறகு அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ஒரே தூண். அதையுமா பிடுங்குவார்கள்? சுரேனுக்குப் போன் போட்டு அழுதாள்.

அவன் விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் இவளுக்கே கேட்டது.

"என் தப்பு ஆண்டி. நம்பர் பிரச்சனை இது."

"என்ன நம்பர்?"

"நமக்கு ஐசி, அடையாளக் கார்டு இருக்குல, அது மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர். ஒரு சின்ன ஃபைல்ல இருக்கும். மிஷின் எழுந்திரிச்சதும் மொதல்ல அதைத்தான் தேடும். இருந்தா எடுத்துக்கும். ஃபைல் கோசோங்கா, ஒன்னுமே இல்லாம இருந்தா, தானே ஒரு புது நம்பரைப் போட்டுக்கும். ஆனா எழுந்திரிக்கிற நேரத்துல டிஸ்க்ல எழுத முடியாது. பாதித் தூக்கம்லா. அதனால மனசுக்குள்ள வெச்சுக்கும். டிஸ்க் எழுதுறதுக்குத் திறந்ததும் அந்த நம்பரை ஃபைல்ல எழுதிப் போட்டுடும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் அதான் நம்பர்."

"சரி, இங்க என்ன ஆச்சு?"

"நான் பவி மிஷினை அப்படியே காப்பி எடுத்தேன்ல. நம்பரும் சேந்து காப்பி ஆயிடுச்சு. பத்தும் அவன் ஐசியைத்தான் காட்டுது. அதான் அங்க ஒரே ஆளா தெரியுது."

இதைக் கேட்டபோது கலாதேவிக்குக் கவலைக்கு நடுவிலும் உடம்பு சிலிர்த்தது. பத்துப் பிள்ளைகள் முன்னாலும் பத்துப் பவித்ரனா உட்கார்ந்திருந்தான்!

கடையில் ஆள் இல்லாததால் சுரேனால் உடனே வர முடியவில்லை. ஒன்பது கணினியிலும் அந்த ஃபைலை எப்படிக் காலியாக்குவது என்று போனிலேயே சொன்னான். அவளும் ஒவ்வொன்றாகச் செய்தாள். மறுநாள் எல்லாவற்றையும் எழுப்பினால், ஒன்பதிலும் பழைய எண்ணே இருந்தது. அழித்ததற்கு அடையாளமே இல்லை.

சுரேன் விழுந்து விழுந்து சிரித்தான். "அலாமா ஆண்டி! பூட்டைத் திறக்காமலா பண்ணீங்க? பூட்டு இருக்கிற வரைக்கும் நீங்க என்ன அழிச்சாலும் பழசு வந்து நிக்கும்."

அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை ஆணி அடித்தது போல் இறங்கிவிட்டது. அழித்தாலும் அழியவில்லையே என் பிள்ளை! அணைத்துவிட்டுப் போட்டால் திரும்பி வந்து நிற்கிறானே!

அந்த நம்பிக்கைதான் அவள் குடியைக் கெடுத்தது.

புதன்கிழமை காலை சுரேன் மறுபடி போனில் வந்தான். இந்த முறை ஒழுங்கான வழி. "ஒன்பதுலயும் தனித்தனியா பூட்டைத் திறந்து அழிச்சா எங்கயாச்சும் விட்டுப்போயிடும் ஆண்டி. தாய் மிஷின்ல இருந்து புதுசா காப்பி எடுத்துடலாம். ஆனா எடுக்கிறதுக்கு முன்னாடி தாய்லயே பூட்டைத் திறந்து நம்பரைக் கோசோங் பண்ணிடணும். அப்பதான் ஒவ்வொன்னும் மொத தடவை எழுந்திரிக்கும்போது தனக்குன்னு ஒன்னு போட்டுக்கும்."

தாய் மிஷின் என்றால் மூலையில் இருக்கும் கறுப்புக் கணினி. கலாதேவி திரும்பி அதைப் பார்த்தாள்.

"தம்பி, அவன் மிஷின்லயா கை வைக்கணும்?"

"ஒன்னும் ஆகாது ஆண்டி."

"அந்தத் தனி டிஸ்க்கு?"

"அதைத் தொடவே மாட்டோம். அதுல இருக்கிறது இருந்த மாதிரியே இருக்கும். ஏன், அதுல ஏதாச்சும் முக்கியமா இருக்கா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலில் சரளாவின் தலை தெரிந்தது போல் ஒரு பிரமை. "இல்லப்பா, சும்மாதான் கேட்டேன்," என்றாள். இந்த மிஷினில் மட்டும்தான் திறக்கும் என்று மகன் சொன்னதை அவள் மறக்கவில்லை. மிஷின் இங்கேதானே இருக்கிறது, அதே கறுப்புப் பெட்டி, அதே கீறல் விழுந்த மூடி, யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படியே ஏதாவது கோளாறானாலும் அணைத்துவிட்டுப் போட்டால் ஆயிற்று.

பூட்டைத் திறந்தாள். ஃபைலைக் காலியாக்கினாள். ஒன்பதிலும் புதுப் பிரதியை இறக்கினாள். கடைசியாகப் பத்தையும் எழுப்பினாள். பத்தும் பத்து எண்ணைப் போட்டுக்கொண்டன. டிஸ்க் திறந்ததும் சமர்த்தாக எழுதிவைத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் ஹஃபீஸாவின் செய்தி வந்தது: "பத்தும் பச்சை விளக்கு அக்கா! இனி உங்க அறையை எவனும் அசைக்க முடியாது!"

அன்று கலாதேவி மகன் படத்துக்குப் புது மாலை வாங்கிப் போட்டாள்.

மறுநாள் வழக்கம்போல் மூலையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். குரல் வரவில்லை. திரையில் ஓர் எழுத்துவரி வந்தது. வேறு கணினியில் எவனாவது திறந்து பார்த்தால் கேலி செய்வதற்காக, பவித்ரன் குறும்பாக எழுதிவைத்திருந்த வரி.

"நீ யாரு? எனக்குத் தெரியலையே!"

ஐயோ, பத்து மாதம் சுமந்த வயிறு அதைப் படித்து என்ன பாடு பட்டிருக்கும்! அணைத்தாள், போட்டாள். நீ யாரு? மறுபடி அணைத்தாள், மறுபடி போட்டாள். நீ யாரு? பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். "இன்னிக்கு இல்ல, வீட்டுக்குப் போங்கடா" என்று துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். விசை தேய்ந்துபோகும் மட்டும் அணைத்தாள், போட்டாள். பழசு திரும்பி வரவே இல்லை.

சுரேன் கடையைச் சாத்திவிட்டு மோட்டாரில் பறந்து வந்தான். பெட்டியின் நிரலைப் பிரித்துப் படித்தான்.

"மிஷின் நம்பரைத்தான் ஆண்டி சாவியா வெச்சிருக்கான். இந்த மிஷின்னா அவனுக்கு அந்த நம்பர்தான். இரும்பு இல்ல."

"அந்த நம்பரைத் திரும்பப் போட்டுடேன்யா."

"என்ன நம்பர்னு தெரியணுமே! எங்கயாச்சும் எழுதி வெச்சீங்களா?"

"நான் எதுக்கு எழுதப் போறேன்..."

"அந்த ஒன்பதுலயும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். ஒன்பதிலும் இருந்த பழைய எண்ணை நேற்று அவள் கையாலேயே புதுப் பிரதி போட்டு மூடியாயிற்று. இரண்டு வருடம் ஒவ்வொரு மேசையிலும் அந்தச் சாவி கிடந்திருக்கிறது. மூலைக் கணினியில், அழித்த இடத்தின் மேலேயே புது எண் ஏறி உட்கார்ந்துவிட்டது. பழைய குறிப்புகளில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சுரேன் மாலை வரை துழாவினான். பூட்டுப் போட்ட டிஸ்க் அல்லவா? இரண்டு வருடமாக எந்தக் குறிப்பும் அதில் தங்கவில்லை. அன்றன்று அணைத்தபோது அன்றன்றே போயிருந்தது. அதற்கு முந்தையவற்றை முதல் காப்பி எடுத்தபோதே சுரேன் துடைத்திருந்தான்; அந்தக் காப்பியும் அவனிடம் மிச்சமில்லை.

சட்டென்று கலாதேவியின் முகம் மலர்ந்தது. "ஹஃபீஸாகிட்ட இருக்கும்யா! ஒரே நம்பர் தெரியுதுன்னு அவதானே சொன்னா!"

சுரேனும் துள்ளி எழுந்தான். போன் போட்டார்கள். ஹஃபீஸா ஓடிப்போய்த் தங்கள் தொழில்நுட்ப ஆளைக் கேட்டுவிட்டு வந்தாள். அவள் குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது.

"அக்கா, நேரா அந்த நம்பர் எங்களுக்கு வராதாம். பாதுகாப்புக்காக அதை அரைச்சு, வேற நம்பரா மாத்தித்தான் அனுப்புமாம். எங்ககிட்ட இருக்கிறது மாவுக்கா. மாவுல இருந்து அரிசியை எடுக்க முடியாதுன்னு சொல்றார்."

சுரேன் போனை அணைத்து மேசையில் வைத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா ஆண்டி," என்றான் சுரேன். "அவன் பேசினது இருக்குன்னு தெரிஞ்சா நான் மொதல்ல அதைத்தானே எடுத்துவெச்சிருப்பேன்."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? செத்த பிள்ளைகிட்ட தெனமும் பேசுறேன்னா?" அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு, குழந்தை கேட்பது போல் கேட்டாள். "தம்பி, காலியா இருந்தா அதுவே ஒரு நம்பர் போட்டுக்கும்னியே. தெனமும் காலியாக்கி, தெனமும் எழுப்பினா, ஒரு நாளாச்சும் அவன் நம்பரே வந்துடாதா?"

 உலகத்துக் கடற்கரை மணலையெல்லாம் கொட்டி அதில் ஒரு மணலைத் தேடச் சொன்னால்கூட அது இதைவிட லேசு. அதைச் சொல்ல சுரேனுக்கு நாக்கு எழவில்லை. "பாப்போம் ஆண்டி," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் தொடங்கினாள். மூலைக் கணினியில் ஃபைலைக் காலியாக்குவாள். அணைத்துப் போடுவாள். கணினி எழுந்து, ஒரு புது எண்ணைப் போட்டுக்கொண்டு, டிஸ்க் திறக்கும்வரை காத்திருந்து, எழுதிவைக்கும். பெட்டியைத் திறப்பாள். நீ யாரு? மறுபடி காலியாக்குவாள்.

அந்த வாரமே ஹஃபீஸா அழைத்தாள். "அக்கா, என்னக்கா இது? நேத்து பதினாலு கம்ப்யூட்டர் காட்டுச்சு, இன்னிக்கு இருபத்து மூனு. மேலிடத்துல இப்ப வேற மாதிரி கேக்குறாங்க. பொய்க் கணக்கு காட்டுறீங்களான்னு."

 கலாதேவி போனை வைத்துவிட்டு மூலைக்குப் போனாள். பின்பக்கம் கையை விட்டு, அந்தக் கணினிக்கு வந்த இணைய வயரைப் பிடுங்கினாள். மறுநாள் ஒன்பது பச்சை விளக்குதான் எரிந்தது. ஒன்று ரோசாக் ஆகிவிட்டது என்று அவளே போன் செய்து சொன்னாள். ஹஃபீஸா மேலிடத்தில் பேசி, ஒன்பதுக்கு ஒப்புதல் வாங்கிக் கொடுத்தாள். கொட்டகை பிழைத்துக்கொண்டது.

ஒரு நாள் சுரேன் வந்து பார்த்தபோது அவள் மூலையில்தான் இருந்தாள். விரல்கள் பழகிப்போய்ப் பார்க்காமலே தட்டிக்கொண்டிருந்தன. அவனுக்குத் தாங்கவில்லை.

"போதும் ஆண்டி. எத்தனை ஜென்மம் எடுத்தாலும் அது வராது. உண்மையைச் சொல்லிடுறேன்."

"தெரியும்யா," என்றாள் அவள். "நீ பாப்போம்னு சொன்னியே, அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அவன் எழுதினதுல மிச்சம் இந்த ஒரு வரிதான்யா," என்றாள். திரையில் அந்த வரி வந்தது. ஒரு தடவை படித்தாள். விசையை அழுத்தி, உள்ளே விசிறி சுற்றி ஓயும்வரை கையை எடுக்காமல் இருந்தாள். வாசலில் பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். எழுந்துபோய்த் திறந்துவிட்டாள்.